ஓடாத டெஸ்ட்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்: சென்னை டெலிவரி மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டெலிவரி மேனேஜர்களுக்கும் டெக் லீடுகளுக்கும்,

வணக்கம். தரமணியில் தொடங்கி பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி வரைக்கும், அந்தப் பக்கம் கிண்டி, மணப்பாக்கம், அம்பத்தூர் என்றும் பரந்து கிடக்கும் நம் அலுவலகங்களிலிருந்து வாரம் தவறாமல் ரிலீஸ் மெயில்கள் (சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வெளியிடத் தயார் என்று சொல்பவை) போகின்றன. எல்லா டெஸ்ட்டும் (சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கும் சின்ன ப்ரோகிராம்கள்) பாஸ் என்று ஒரு வரி, கூடவே பச்சை நிறத்தில் ஒரு படம். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் கிளையன்ட் அதைப் பார்த்துவிட்டு 'கோ', அதாவது வெளியிடலாம் என்று சொல்லிவிடுவார். அந்த மெயிலுக்கான எண்களை எடுத்துக் கொடுக்கும் டெஸ்ட் ஆட்டோமேஷன் வேலையில் பல வருடமாக இருப்பவன் நான். அந்த மெயிலில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு எண்ணைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அன்றைக்கு ஓட்டாமல் ஒதுக்கிவைத்த டெஸ்ட்கள் எத்தனை?

வடிகட்டி, அதாவது சில டெஸ்ட்களை மட்டும் பொறுக்கி, ஓட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. வரி கணக்கிடும் ஒரே ஒரு ஃபங்ஷனில் (ப்ரோகிராமின் ஒரு துண்டில்) கை வைத்திருக்கும் பெண், ப்ராஜெக்ட்டில் உள்ள அத்தனை டெஸ்ட்டும் ஓடி முடியும்வரை கேன்டீனில் காத்திருக்க வேண்டியதில்லை. பைத்தான் மொழிக்கான டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டில் 'மைனஸ் கே' போட்டு பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தால் அது பொருந்துகிற டெஸ்ட்கள் மட்டும் ஓடும். 'மைனஸ் எம்' போட்டால் டெஸ்ட்களில் நாம் ஒட்டிவைத்த மார்க்கர் என்ற அடையாளக் குறிப்படி பிரித்துக் கொடுக்கும். போன முறை தோற்றவற்றை மட்டும் திரும்ப ஓட்ட 'லாஸ்ட் ஃபெயில்டு' என்று தனியாகவே ஒரு வசதி உண்டு. நாள் முழுக்க அதிலேயே வாழ்கிறவர்களில் நானும் ஒருவன். ஜாவா பக்கம் ஜேயூனிட் 5-இன் டேக், மேவன், கிரேடில் என்ற பில்ட் கருவிகளில் டெஸ்ட் பெயரைக் கொடுத்து ஓட்டும் வழி, சி பிளஸ் பிளஸ்ஸில் கூகுள் டெஸ்ட்டின் ஃபில்டர், கோ மொழியில் 'ரன்' என்று எல்லா இடத்திலும் இது இருக்கிறது. எழுதி, ஓட்டி, திருத்தி, மறுபடி ஓட்டும் அந்த வேகம் போய்விட்டால் ஆட்கள் டெஸ்ட் எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே அவரவர் லேப்டாப்பில் எப்படி வடிகட்டினாலும் அது அவரவர் சௌகரியம்.

அந்தக் கட்டளை லேப்டாப்பிலிருந்து கிளம்பி பில்ட் பைப்லைனில், அதாவது எல்லாருடைய ப்ரோகிராம் கோடையும் சேர்த்துக் கட்டி டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டில், குடியேறும்போதுதான் வினை. வியாழக்கிழமை இரவு, மறுநாள் ரிலீஸ், மூன்று டெஸ்ட் சிவப்பு, அதாவது தோல்வி. 'இப்போதைக்கு அதை எக்ஸ்க்ளூட் பண்ணிடுங்க, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று போன் காலில் ஒரு குரல் கேட்கும். பைப்லைனின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் ஒரு வரி கூடும். திங்கட்கிழமை அடுத்த ஸ்ப்ரின்ட்டின் (வேலைச் சுற்றின்) பிளானிங் மீட்டிங். அப்புறம் அந்த வரியைச் சேர்த்தவர் நோட்டீஸ் பீரியடை முடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அடுத்து வருகிறவருக்கு அது ஏன் இருக்கிறது என்று தெரியாது. எடுத்தால் என்ன உடையுமோ என்ற பயத்தில் தொடவும் மாட்டார். ரிலீஸ் மெயில் மட்டும் பச்சையாகவே போய்க்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும், எதை ஒதுக்குகிறோம் என்று நினைக்கிறோமோ அதைத்தான் ஃபில்டர் ஒதுக்குகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பைடெஸ்ட்டின் 'மைனஸ் கே' பெயரின் எந்த இடத்தில் அந்தத் துண்டு வந்தாலும் எடுத்துக்கொள்ளும். பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. டெஸ்ட்டின் பெயரோடு கிளாஸ் பெயர், ஃபைல் பெயரையும் சேர்த்துப் பார்க்கும். 'டாக்ஸ்' என்று கொடுத்தால் 'சின்டாக்ஸ்' என்று பெயர் வைத்தவையும் ஓடும். தேவையில்லாதது கூடுதலாக ஓடினால் போகட்டும், கொஞ்சம் நேரம்தான் வீண். ஒதுக்கும்போது இதே குணம் ஆபத்தாகிவிடுகிறது. நேரம் பிடிக்கும் டெஸ்ட்களைத் தள்ளிவைக்கிறேன் என்று யாரோ பெயரில் 'ஸ்லோ' இருப்பதையெல்லாம் விலக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்லோ பேங்க் ரெஸ்பான்ஸ்' என்று ஒரு டெஸ்ட் இருக்கும். வங்கியிலிருந்து பதில் தாமதமாக வந்தால் வாடிக்கையாளரின் பணம் இரண்டு முறை பிடிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. நிஜ வங்கி எதையும் தொடாமல் சில மில்லி விநாடியில் முடிந்துவிடும் டெஸ்ட். பெயரில் அந்தச் சொல் இருந்த ஒரே காரணத்துக்காக வெளியே போய்விட்டது. பேமென்ட் சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட்டில் உங்களுக்கு இதைவிட வேண்டிய டெஸ்ட் எது?

மார்க்கர் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் எழுத்துப்பிழைக்குத் தப்பாது. 'ஸ்மோக்' (அடிப்படை வசதிகளை மட்டும் பார்ப்பவை) என்று ஒட்டவேண்டிய இடத்தில் எழுத்து மாறி ஒட்டியிருந்தால், ஸ்மோக் டெஸ்ட்களை மட்டும் ஓட்டும்போது அது வராது. பைடெஸ்ட் ஒரு வார்னிங் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். 'ஸ்ட்ரிக்ட் மார்க்கர்ஸ்' என்ற அமைப்பைப் போட்டுவைத்தால்தான் தெரியாத மார்க்கரைப் பார்த்ததும் பிழை என்று நிற்கும். ஒரே ஒரு சொல் சேர்க்கிற வேலை. மேவனில் டெஸ்ட் ஓட்டும் பகுதியான ஷ்யூர்ஃபயரிலும் இதுபோல ஒரு விஷயம் உண்டு. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அது கிளாஸின் பெயரைப் பார்த்துத்தான் எடுக்கும்: 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும், அல்லது 'டெஸ்ட்', 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்ட்கேஸ்' என்று முடிய வேண்டும். 'இன்வாய்ஸ் செக்ஸ்' என்று அழகாகப் பெயர் வைத்து எழுதிய கிளாஸ் ஒருநாளும் ஓடாது. யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் அது இருக்காது.

இதைவிட மோசம், ஒன்றுமே ஓடாமல் பச்சை வருவது. கோ மொழியில் 'ரன்' கட்டளைக்கு எந்த டெஸ்ட்டும் பொருந்தாவிட்டால், ஓட்ட டெஸ்ட் இல்லை என்று ஓரமாக எழுதிவிட்டு 'ஓகே' என்றே முடிக்கும். ரஸ்ட் மொழியின் கார்கோ கருவியும் அப்படித்தான், பூஜ்யம் பாஸ், பூஜ்யம் தோல்வி, முடிவு ஓகே. ஒரு நல்ல விஷயம், வடிகட்டி வெளியே போனவை எத்தனை என்று அதே வரியில் சொல்லிவிடும். யாரோ டெஸ்ட்டின் பெயரை மாற்றினார், பைப்லைனில் பழைய பெயரே இருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் படி வெறும் சடங்கு. பைடெஸ்ட் இதில் கறார்: ஒரு டெஸ்ட்டும் தேறாவிட்டால் எக்ஸிட் கோடு (ஓட்டம் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 5 கொடுத்து பில்டைச் சிவப்பாக்கும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? '5 வந்தால் பரவாயில்லை, 0 (வெற்றி) என்று எடுத்துக்கொள்' என்று ஷெல் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி. மேவனிலும், பெயர் சொல்லிக் கேட்ட டெஸ்ட் கிடைக்காவிட்டால் பில்ட் நிற்கும். பல மாட்யூல் (பகுதி) உள்ள ப்ராஜெக்ட்டில் அந்தக் கிளாஸ் ஒரு மாட்யூலில்தான் இருக்கும் என்பதால் மற்ற மாட்யூல்கள் சண்டை போடும். உடனே அந்தச் சோதனையையே அணைத்துவிடுவார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 'ஒன்லி' (இதை மட்டும் ஓட்டு) என்று ஒரு டெஸ்ட்டுக்குப் போட்டுவிட்டு எடுக்க மறந்து கமிட் செய்வது, அதாவது பொதுக் கோடில் சேர்த்துவிடுவது, தினப்படி நடக்கிற கூத்து. அதன் டெஸ்ட் கருவிகளில் ஒன்றான மோக்காவில் 'ஃபர்பிட் ஒன்லி' என்று அதைத் தடுக்க வழி இருக்கிறது. எத்தனை பைப்லைனில் போட்டிருக்கிறோம்?

இனி ஒரு நிஜக் கதை. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஓட்டல் அறை முன்பதிவுக்கு பில் போடும் சாஃப்ட்வேர். பில்லின் தேதி இன்றைய தேதிதானா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட், இரவு பில்டில் தோற்கும். காலையில் வந்து மறுபடி ஓட்டினால் பாஸ். இரண்டு வாரம் பார்த்தார்கள், 'ஃபிளேக்கி' (கோடு மாறாமலேயே ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில் ஆவது) என்று மார்க்கர் ஒட்டினார்கள், பைப்லைனில் 'ஃபிளேக்கி அல்லாதவை' என்று ஃபில்டர் போட்டார்கள். ஸ்டாண்டப்பில் (தினசரிக் குட்டி மீட்டிங்கில்) அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த டெஸ்ட் சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அது இந்திய நேரப்படி இன்றைய தேதியைக் கணக்கிட்டது. பில் போடும் ப்ரோகிராம் கோடு, சர்வர் காட்டும் யூடிசி (உலகப் பொது நேரம்) தேதியை எடுத்தது. நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவு 12 மணிக்கு நமக்குத் தேதி மாறிவிடும், யூடிசிக்கு அப்போது முந்தைய நாள் மாலை ஆறரை. காலை 5.30 வரைக்கும் இரண்டும் வெவ்வேறு தேதி. அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரே தேதி. இரவு பில்ட் ஒரு மணிக்கு ஓடும், தோற்கும். ஆட்கள் பத்து மணிக்கு ஷட்டிலில் இறங்கி வந்து ஓட்டுவார்கள், பாஸ் ஆகும். இதில் குத்துமதிப்பாக நடந்தது எதுவுமே இல்லை. கடிகாரத்தை ஒருமுறை பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

ஒரு நாள் முன்தேதி போட்ட பில்லால் என்ன குடி முழுகிப்போகிறது என்று சிலர் அப்போது கேட்டார்கள். மாதக் கடைசியில் அது ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-இல் போன மாதக் கணக்கில் போய் உட்காரும். ஏப்ரல் 1 அதிகாலையில் போட்ட பில்லுக்கு மார்ச் 31 என்று விழுந்தால் நிதியாண்டே மாறிப்போகிறது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத வரிசை எண்ணாக இருக்க வேண்டும். ஆண்டு மாறியதும் புது வரிசை தொடங்குகிற கம்பெனிகள்தான் அதிகம். அந்த ஐந்தரை மணி நேரத்து பில்கள் பழைய வரிசையின் எண்ணோடு, பழைய ஆண்டின் தேதியோடு வெளியே போயின. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, கிளையன்ட்டின் கணக்குப் பிரிவு. பில் போடும் கோடைச் சரிசெய்ய ஒரு மதிய வேளை போதுமாக இருந்தது. டெஸ்ட்டையும் கடிகாரத்தை ஏப்ரல் 1, இரவு 12.30 என்று நிறுத்திவைத்து மாற்றி எழுதியாயிற்று. இப்போது அது எந்த நேரத்தில் ஓடினாலும் ஒரே பதில்தான். வெளியே போன பில்களைத் திருத்திய வேலைதான் வாரக்கணக்கில் இழுத்தது.

எல்லா ஃபிளேக்கி டெஸ்ட்டுக்குள்ளும் இப்படி ஒரு புதையல் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2016-இல் கூகுள் தன் அனுபவத்தை எழுதியபோது, அவர்களுடைய மொத்த டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் ஃபிளேக்கி முடிவு தருவதாகவும், டெஸ்ட்களில் கிட்டத்தட்ட 16 சதவீதம் ஏதோ ஓர் அளவில் ஃபிளேக்கியாக இருப்பதாகவும் சொன்னது. பாஸாக இருந்து தோல்விக்கு மாறும் தருணங்களில் 84 சதவீதத்தில் ஒரு ஃபிளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்ததாம். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை என்றால் நமக்கும் தனியாக ஒதுக்கிவைக்கும் ஓர் இடம் தேவைதான். ஆனால் ஒதுக்கிவைத்த இடத்துக்கு யாராவது தினம் போய்ப் பார்க்க வேண்டும். நம்மிடம் அது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஃபிரெஷருக்குத் தரும் வேலை. ஆறு மாதம் முன்பு காலேஜை முடித்து வந்த பையனுக்கு, அந்த டெஸ்ட் ஏன் எழுதப்பட்டது என்று எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, மார்க்கர் ஒட்டுவது.

இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது, கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டரை எழுதுவது இன்ஜினியர், எழுத வைப்பது நீங்கள் வைத்திருக்கும் இலக்கு. ரிலீஸுக்குப் போக இத்தனை சதவீதம் பாஸ் வேண்டும் என்று கிளையன்ட்டோடு ஒப்பந்தத்திலேயே எழுதுகிறீர்கள். அந்தச் சதவீதத்தை எதால் வகுப்பது என்று எழுதுவதில்லை. ஓடியவற்றால் வகுத்தால், தோற்கிற டெஸ்ட்டை ஓடவிடாமல் செய்வதுதான் சதவீதத்தை ஏற்றச் சுலபமான வழி. பத்துக் கேள்வியில் தெரிந்த ஆறை மட்டும் எழுதிவிட்டு, ஆறுக்கு ஆறு என்று மார்க் போட்டுக்கொள்கிற மாதிரி. அந்தப் பையனையோ அவனுக்கு மேலே இருக்கும் லீடையோ திட்டிப் பயனில்லை. சிவப்பு பில்டோடு, வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கோ-நோ கோ மீட்டிங்கில் உட்கார்ந்தால் அவர்களுக்கு என்ன நடக்கும், பச்சை பில்டோடு உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்ரைசல் படிவத்தில் 'பில்ட் ஸ்டெபிலிட்டி' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்ப எல்லா டெஸ்ட்டையும் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

'எங்களிடம் புத்திசாலித்தனமான செலக்‌ஷன் இருக்கிறது, மாறிய கோடைப் பார்த்து அதற்குரிய டெஸ்ட்டை மட்டும் ஓட்டுகிறோம்' என்று சொல்லும் அணிகளும் உண்டு. நல்ல வழிதான். ஒரு மாற்றத்தால் எந்தெந்த டெஸ்ட்டின் முடிவு மாற வாய்ப்பு இருக்கிறதோ அதில் ஒன்றையும் விடாமல் எடுப்பது எப்படி என்று ராதர்மெல், ஹாரல்ட் இருவரும் 1997-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஃபேஸ்புக் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், மெஷின் லேர்னிங் வைத்துத் தேர்ந்தெடுத்து ஓட்டியதில் டெஸ்டிங்கின் இயந்திரச் செலவு பாதியானது என்றும், தனித்தனி டெஸ்ட் தோல்விகளில் 95 சதவீதத்துக்கு மேலும், பிழையான மாற்றங்களில் 99.9 சதவீதத்துக்கு மேலும் பிடிபட்டுவிடுகின்றன என்றும் எழுதினார்கள். நம் மீட்டிங்குகளில் இந்த எண்களை மேற்கோள் காட்டுவார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள்: தவறவிட்டது எவ்வளவு என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது? தேர்வில் வராத டெஸ்ட்கள் ஓடியிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்ற விவரம் கையில் இருந்ததால். முழு ஓட்டமே இல்லாத ப்ராஜெக்ட்டில் செலக்‌ஷன் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்வதற்கு ஆதாரம் ஏது?

இன்னொன்றும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் ஜெஸ்ட் போன்ற டெஸ்ட் கருவிகள், மாறிய ஃபைலை எது இம்போர்ட் செய்கிறது (எடுத்துப் பயன்படுத்துகிறது) என்று பின்தொடர்ந்து டெஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும். டேட்டாபேஸ் மைக்ரேஷன் (அமைப்பு மாற்றம்), ஓடும் நேரத்தில் படிக்கப்படும் கான்ஃபிக், ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), வேறு குழுவின் ஏபிஐ (அவர்கள் சாஃப்ட்வேரோடு பேசும் வழி) என்று இம்போர்ட் சங்கிலிக்கு வெளியே இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. நம்மூர் ப்ராஜெக்ட்களில் ப்ரொடக்‌ஷன் விழுந்த இரவுகளை யோசித்துப் பாருங்கள், எத்தனை முறை ஒரு கான்ஃபிக் வரியால் விழுந்தது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். புது டூல் வாங்கச் சொல்லவில்லை, ஆள் கூட்டச் சொல்லவில்லை. ரிலீஸ் மெயிலில் பாஸ், ஃபெயிலோடு 'ஓட்டாதவை' என்று ஒரு எண் சேருங்கள். பைடெஸ்ட் தன் கடைசி வரியில் 'டிசெலக்டட்' (ஒதுக்கியவை) இத்தனை என்று ஏற்கெனவே சொல்கிறது. 'டிசேபிள்டு' என்று பெயர் மாற்றி முடக்கிய டெஸ்ட்கள் இருந்தால் கூகுள் டெஸ்ட் ஒவ்வொரு முறையும் பெரிய எழுத்தில் கத்துகிறது. அதை எடுத்து மெயிலில் போடாமல் விடுவது நாம்தான். சதவீதத்தைக் கணக்கிடும்போது இருக்கிற மொத்த டெஸ்ட்டால் வகுக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் எண் அசிங்கமாக இருக்கும், கிளையன்ட் கேள்வி கேட்பார். கேட்கட்டும்.

ஒன்றும் ஓடாத ஓட்டம் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். எக்ஸிட் கோடை விழுங்கும் அந்த ஷெல் வரிகளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பைப்லைனில் விலக்கிய ஒவ்வொரு டெஸ்ட்டின் பக்கத்திலும் காரணம், பொறுப்பாளர் பெயர், எந்தத் தேதிவரை என்ற மூன்றும் இருக்கட்டும். தேதி தாண்டினால் பில்ட் உடையட்டும். பத்து வரி ஸ்கிரிப்ட் போதும், எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். தெரிந்தே தோற்கிற டெஸ்ட்டை விலக்குவதற்குப் பதில் 'இது தோற்கும் என்று தெரியும்' எனக் குறிக்கும் பைடெஸ்ட்டின் 'எக்ஸ்ஃபெயிலை' ஸ்ட்ரிக்ட்டாகப் போடச் சொல்லுங்கள். டெஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது கோடைச் சரிசெய்ததும் 'இது இப்போது பாஸ் ஆகிறது, குறியை எடு' என்று பில்டே நிறுத்திச் சொல்லிவிடும். மெர்ஜுக்கு (ஒருவரின் மாற்றத்தைப் பொதுக் கோடோடு இணைப்பதற்கு) முன்னால் வேகத்துக்காக வடிகட்டுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது எந்த ஃபில்டரும் இல்லாமல் முழுசாக ஓட வேண்டும், அது சிவப்பானால் மறுநாள் காலை அதைத்தான் முதலில் பேச வேண்டும். இரவில் தோற்றுப் பகலில் தேறுகிற டெஸ்ட்டுக்கு மார்க்கர் ஒட்டும் அதிகாரத்தை ஃபிரெஷரிடம் விடாதீர்கள். அந்த மாட்யூலை எழுதிய சீனியர் கையெழுத்துப் போடட்டும்.

அப்ரைசல் கட்டத்தைப் பற்றி உங்கள் ஹெச்ஆரோடு பேச வேண்டியிருக்கும், அது நாளாகும் என்று தெரியும். மெயிலில் ஒரு எண் சேர்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த வெள்ளிக்கிழமை ரிலீஸ் இருக்கிறவர்கள், இதைப் படித்து முடித்ததும் உங்கள் லீடை அழைத்து 'நம்ம பைப்லைன்ல எத்தனை டெஸ்ட் ஓடல?' என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தால் உங்கள் அணி நன்றாக இருக்கிறது. 'பார்த்துட்டுச் சொல்றேன்' என்று வந்தால், பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு டெஸ்ட் ஆட்டோமேஷன் இன்ஜினியர்